வார்டுக்கு இறங்கவும் மக்களவைக்கு ஏறவும் கட்சியே வழி

புது தில்லி: திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. மூடப்பட்ட தேயிலைத் தோட்டம், சிதைந்த லயங்கள், தொழிலாளர்களின் ஊதிய, பணிக்கொடை நிலுவைகள் ஆகியவற்றால் செய்திகளில் அடிபட்ட ஊர் இது. விதுரா ஊராட்சி, அருவிக்கரை பேரவைத் தொகுதி, ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதி என்ற படிகளில் இவ்வூர் வாக்களிக்கிறது. 2015-க்குப் பிறகு இப்படிகளில் ஏறி இறங்கியோரைக் கவனித்தால், கேரளத்தில் உள்ளூர் அரசியல்வாதியின் பாதையை அவரைவிடக் கட்சியே வகுக்கிறது என்பது புலப்படும்.

பேரவைத் தலைவராக இருந்த ஜி. கார்த்திகேயன் 2015 மார்ச்சில் காலமானதும், அருவிக்கரை இடைத்தேர்தலுக்குத் தனியார் நிறுவனத்தில் பணியாற்றிய அவரது மகன் கே.எஸ். சபரிநாதனை காங்கிரஸ் அழைத்து வந்தது. அவர் 10,128 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார், 2016-இலும் வென்றார். 2021-இல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஜி. ஸ்டீபனிடம் தோற்றார். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அதே சபரிநாதனைத் திருவனந்தபுரம் மாநகராட்சியின் கவடியார் வார்டில், மேயர் பதவிக்கான முகமாக, கட்சி நிறுத்தியது. வார்டில் அவர் வென்றார். 101 வார்டுகளில் 50-ஐக் கைப்பற்றிய பாஜகவுக்கே மேயர் பதவி சென்றது. இருமுறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் வார்டுக்கு வருவது தமிழகத்தில் பெரும்பாலும் இறக்கமாகவே பார்க்கப்படும். அங்கே அதைக் கட்சிப் பணி என்கிறார்கள்.

மேற்படியிலும் இதே கதைதான். கோன்னியில் தொடர்ந்து வென்றுவந்த அடூர் பிரகாஷை, பேரவைப் பதவிக்காலம் முடியும் முன்பே 2019-இல் ஆற்றிங்கலுக்கு அனுப்பியது காங்கிரஸ். மக்களவைத் தொகுதி கிடைத்தது. கோன்னி இடைத்தேர்தலில் பறிபோனது. 2024-இல் அவரை எதிர்த்து, வர்க்கலை எம்.எல்.ஏ.வும் மாவட்டச் செயலருமான வி. ஜோயை மார்க்சிஸ்ட் கட்சி களமிறக்கியது. ஜோய் தோற்றது வெறும் 684 வாக்குகளில். வென்றிருந்தால் வர்க்கலையும் இடைத்தேர்தலைச் சந்தித்திருக்கும். ஐந்தாண்டுகளுக்கென வாக்களித்தவர்களை இவ்விஷயத்தில் எந்தக் கட்சியும் கலந்தாலோசிப்பதில்லை.

தோற்றவர்களுக்கும் கட்சி இடம் ஒதுக்கும். 2019-இல் ஆற்றிங்கலில் தோற்ற ஏ. சம்பத், சில மாதங்களிலேயே கேபினட் தகுதியுடன் கேரள அரசின் தில்லி சிறப்புப் பிரதிநிதி ஆனார். 2023 ஜனவரியில் அப்பதவி, காங்கிரஸில் 2019-இல் வாய்ப்பு மறுக்கப்பட்டு, 2022-இல் நீக்கப்பட்ட கே.வி. தாமஸுக்குக் கிடைத்தது. ஒரே நாற்காலி, ஒருமுறை சொந்தக் கட்சித் தோழருக்கு ஆறுதலாகவும், மறுமுறை எதிரணியிலிருந்து வந்தவருக்கு வெகுமதியாகவும் பயன்பட்டது.

இவர்கள் ஏன் மீறுவதில்லை? கீழ்மட்டத்திலேயே அதற்கு இடமில்லை. தமிழகத்தில் ஊராட்சித் தலைவரைக் கட்சிச் சின்னமின்றி மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்திலோ, பெரும்பாலும் கட்சிச் சின்னத்தில் வென்ற வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்வு செய்கிறார்கள். 1985-இன் கட்சித் தாவல் தடை உள்ளாட்சிகளுக்குப் பொருந்தாததால், கேரளம் 1999-இல் தனிச் சட்டமே இயற்றியது. கொறடா உத்தரவை மீறும் ஊராட்சி உறுப்பினர் பதவியிழப்பதுடன், ஆறு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடவும் முடியாது. தவிர, வார்டுகளில் பாதி பெண்களுக்கானவை; அவை சுழற்சியில் மாறுகின்றன. உழைத்து வளர்த்த வார்டு அடுத்த தேர்தலில் கைவிட்டுப் போகலாம். வேறு வார்டு தருவது கட்சிக் குழுதான்.

பணபலமோ குடும்பப் பின்புலமோ இல்லாதவருக்கு இம்முறை கதவு திறந்ததையும் மறுக்க முடியாது. 2020-இல் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானது கட்சியின் முடிவால்தான். திறந்த கதவை மூடும் உரிமையும் கட்சிக்கே என்பதுதான் சிக்கல்.

இதைத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த முகம் மூணாறின் எஸ். ராஜேந்திரன். 2006, 2011, 2016 என மும்முறை தேவிகுளத்தில் வென்ற அவருக்கு, இருமுறைக்கு மேல் வாய்ப்பில்லை என்ற மார்க்சிஸ்ட் விதியால் 2021-இல் இடமில்லை. தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்ற அமைச்சர்களையே வீட்டுக்கு அனுப்பிய விதி அது. புதிய வேட்பாளர் ஏ. ராஜாவுக்கு எதிராக வேலை செய்தார் என்று 2022-இல் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2026 ஜனவரியில் பாஜகவில் சேர்ந்தார். தோட்டத் தொழிற்சங்கத்தில் வேரூன்றிய தலைவருக்கும், தனித்து நிற்பதைவிட இன்னொரு கட்சியின் வாசலே புகலிடமாகத் தெரிந்தது.

போனக்காட்டின் இழப்பு வேறு வகையானது. தோட்ட நிலம், நிலுவைத் தொகை போன்ற வழக்குகள் பல பேரவைகளைத் தாண்டி நீள்பவை. ஒரே ஆள் கோப்பைப் பின்தொடர வேண்டியவை. அந்த ஆளுக்கு அடுத்த தேர்தலில் எந்த ஊர் என்பதைத் தீர்மானிக்கும் மாவட்டக் குழுவில், மூடிய தோட்டத்தின் சில நூறு வாக்குகளுக்கு எடை குறைவு.