குடும்பப் பெயர் இல்லாதவனுக்கு எந்தக் கட்டம்?

பெரியம்மாவின் மகன் கிளாஸ்கோவில் இருக்கிறார். மூன்று வயதில் இங்கிருந்து போனவர். அங்கே கலியாணவீடு எண்டால் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் எல்லாரும் கில்ட் கட்டுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுத்து அலுத்துப்போய், இந்த வருசம் சொந்தமாக ஒன்று தைப்பிக்க முடிவெடுத்தார். ஒரு கடையின் இணையத்தளத்துக்குப் போனால் முதல் கேள்வியே "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பெரியப்பாவின் பெயரைத்தான் அடித்திருக்கிறார். பொருந்தும் டார்ட்டன் எதுவும் இல்லை எண்டு பதில் வந்ததாம்.

அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். "எங்கட குலத்துக்குக் கட்டம் இல்லையாம் தங்கச்சி. நீதானே வரலாறு படிக்கிறாய், எதை எடுக்கிறது எண்டு சொல்லு பாப்பம்."

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்தக் கேள்வியே பிழை எண்டு பட்டது.

டார்ட்டன் என்பது வெறும் கட்டம் போட்ட துணி இல்லை. எந்த நிறத்தில் எத்தனை நூல், அதற்குப் பக்கத்தில் எந்த நிறத்தில் எத்தனை நூல் என்று ஒரு வரிசை இருக்கிறது. பாவிலும் ஊடையிலும் அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். அதற்கு 'செட்' என்று பெயர். அந்த வரிசைதான் ஒரு டார்ட்டனின் அடையாளம். துணி பழையது என்பதில் சந்தேகமில்லை. ஃபால்கேர்க்கில் உரோம நாணயங்களோடு கிடைத்த கட்டத்துணித் துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிளென் அஃப்ரிக் சதுப்பில் கிடைத்த துண்டு 16ஆம் நூற்றாண்டு என்று 2023இல் அறிவித்தார்கள்.

ஆனால் 'இந்தப் பெயருக்கு இந்தக் கட்டம்' என்ற விதி அவ்வளவு பழையதில்லை. 1746இல் கலொடன் போரில் ஹைலாண்ட் கிளர்ச்சியாளர்கள் தோற்றார்கள். அதே வருடம் வந்த சட்டம் ஆண்கள் ஹைலாண்ட் உடை உடுப்பதையே தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் மறியல், இரண்டாம் முறை ஏழு வருடம் நாடுகடத்தல். தடை 1782இல்தான் நீங்கியது. அதற்குப் பிறகு பனொக்பேர்னில் இருந்த வில்சன் என்ற நெசவு நிறுவனத்தார் கட்டங்களை விதவிதமாக நெய்து விற்றார்கள். இலக்கத்தில் விற்றவை ஊர்ப் பெயரும் குலப் பெயரும் பெற்றன. பெயர் இருந்தால் விலைப்படும்தானே! 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்கொட் வரவேற்பு ஏற்பாட்டைப் பொறுப்பெடுத்து, குலத் தலைவர்களை அவரவர் டார்ட்டனில் வரச் சொன்னார். தன் குலத்துக்கு எது எண்டு தெரியாதவர்கள் கடைக்குத்தான் ஓடினார்கள். 1842இல் இரண்டு சகோதரர்கள், பழைய ஏட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லி ஒரு டார்ட்டன் புத்தகம் வெளியிட்டார்கள். அது போலி. இருந்தும் அதில் வந்த கட்டங்கள் பல இன்றைக்கும் குல டார்ட்டன்களாக விற்பனையில் இருக்கின்றன.

ட்ரெவர்-ரோப்பர் இதைப்பற்றி எழுதிய கட்டுரை 1983இல் வந்த 'மரபின் கண்டுபிடிப்பு' தொகுப்பில் இருக்கிறது. வகுப்பில் வாசித்தபோது எல்லாருக்கும் சிரிப்பு. "அப்ப எல்லாம் பொய்தானே, எதைக் கட்டினால் என்ன?" என்று முடித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மரபு எப்போது தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டால் அது செத்துவிடாது. இருநூறு வருடமாகக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கட்டிய துணிக்கு அந்த இருநூறு வருடத்தின் கனம் இருக்கும். பிரச்சினை கண்டுபிடித்ததில் இல்லை. கடைக்காரர் எழுதிய பட்டியலை இரத்த உறவு எண்டு காட்டி, உன் பெயர் இதில் இல்லை என்று ஒருவனை வாசலில் நிறுத்துவதில்தான் இருக்கிறது. உண்மையில், குல டார்ட்டனைக் குலத்தார் மட்டும்தான் கட்டலாம் என்று ஒரு சட்டமும் இல்லை.

பெயர் இல்லாதவர்களுக்குக் கடைகள் வழக்கமாகக் கை காட்டுவது 'பிளக் வொட்ச்'. கடும் பச்சை, நீலம், கறுப்பு. யார் கட்டினாலும் எடுபடும். அண்ணாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். அது ஹைலாண்டைக் கண்காணிக்க 1725இல் அரசாங்கம் அமைத்த காவல் படைகளில் இருந்து வந்த ரெஜிமென்டின் துணி. ஊர்ச்சனத்துக்குத் தடை இருந்த காலத்தில் இராணுவத்துக்கு மட்டும் அனுமதி இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியனாகத் தொடங்கிப் பிரிந்து போனதுதான் 73ஆம் ரெஜிமென்ட். 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்க இங்கே நின்ற படைகளில் அதுவும் ஒன்று. 1809இலேயே அவர்களுக்குக் கில்ட் இல்லாமல் போய்விட்டது. கட்டம் கட்டிக்கொண்டு ஊவாவுக்கு வரவில்லை. 1881இல் திரும்பவும் பிளக் வொட்சோடு சேர்த்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டும் ஒருவர் அதைக் கட்டலாம். ஆனால் "பொதுவானது, யாருக்கும் பொருந்தும்" எண்டு சொல்லி விற்கக்கூடாது. சோதனைச் சாவடி பார்த்து வளர்ந்த சனத்தின் பிள்ளைக்குக் காவல் படையின் துணி எப்படிப் பொதுவாகும்?

அப்ப எதை எடுப்பது? நான் சொன்னது ஊர் டார்ட்டன். கிளாஸ்கோ, அபர்டீன், பேர்த் என்று வில்சன்கள் காலத்திலேயே ஊர்ப் பெயரில் கட்டங்கள் இருந்தன. அண்ணா படித்ததும், முதல் சம்பளம் எடுத்ததும், "உன்ர ஊர் எது?" எண்டு கேள்வி கேட்கப்பட்டு வளர்ந்ததும் கிளாஸ்கோவில். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம். அது வேண்டாம் எண்டால் புதிதாக ஒன்றை வடிவமைத்து, 2009இல் தொடங்கிய ஸ்கொட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் பதியவும் முடியும்.

கதையைத் தெரிவு செய்த பிறகு கண்ணையும் கேட்க வேண்டும். ஒரே டார்ட்டன் 'மொடர்ன்' என்ற கடும் சாயத்திலும் 'ஏன்ஷியன்ட்' என்ற வெளிறிய சாயத்திலும் வரும். இவை சாயத்தின் பெயர்கள், வயதின் பெயர்கள் இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். கணினித் திரையை நம்பாமல் துணித்துண்டு வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில், பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கில்டுக்கு எட்டு யார் துணி போகும், பின்பக்கம் முழுக்க மடிப்பு. அந்த மடிப்பைக் கட்டம் குலையாமல் பிடிப்பதா, ஒரே கோடு வரிசையாய்த் தெரியப் பிடிப்பதா என்றும் தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பார்ப்பது அதைத்தான்.

துண்டுகள் வந்துவிட்டன. பெரியம்மா வீடியோ அழைப்பில் கிளாஸ்கோத் துண்டைத் தூக்கிக் காட்டி, "சாரம் மாதிரிக் கிடக்கு, இதுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்டா. அண்ணா அதைத்தான் தைக்கக் கொடுத்திருக்கிறார். பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டும் ஓடர் போகுதாம்.