ஸ்குரூவைத் திருகாதீர்கள், ஓட்டையைத் தேடுங்கள்!

இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலின் மேற்பாதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். வாய்க்குள் இளநீர் குறைவாகவும் காற்று அதிகமாகவும் வரும். இன்னும் பலமாக உறிஞ்சினால் அந்தத் துளை வழியே வரும் காற்றும் கூடும். குழலை மாற்றவோ துளையை அடைக்கவோ வேண்டுமே தவிர, மூச்சைப் பிடித்து உறிஞ்சிப் பயனில்லை.

இந்த எளிய உண்மையை எஞ்சின் விஷயத்தில் நாம் மறந்துவிடுகிறோம். மரம் அறுக்கும் மிஷின் என்று ஊரில் சொல்லும் சங்கிலி ரம்பத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சாலைகளில் விழுந்து கிடந்த தென்னைகளையும் மற்ற மரங்களையும் அறுத்து வழி திறந்தவை இந்த ரம்பங்கள்தாம். மல்லசமுத்திரம் வட்டாரத்திலும் பட்டுப்போன தென்னை, வேம்பு, கருவேலம் இவற்றை அறுக்க இதைத்தான் கொண்டு வருகிறார்கள். ரம்பம் நின்றால் அறுப்பவரின் அன்றைய கூலியும் நின்றது.

இதன் எஞ்சின் இரண்டு வீச்சு எஞ்சின். பழைய டி.வி.எஸ். 50 மொபெட்டில் இருந்ததும் இதே இனம்தான். பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே உள்ள கிராங்க் கேஸில் காற்றழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் பெட்ரோலும் காற்றும் கலந்து கார்புரேட்டர் வழியே உள்ளே வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அமுக்கப்பட்டு சிலிண்டருக்குள் போகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 முறை உறிஞ்சல், 200 முறை அமுக்கல்!

ஆகவே கிராங்க் கேஸ் காற்றுப் புகாத பெட்டியாக இருந்தே தீரவேண்டும். கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஆயில் சீல், கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர்க் குழாய், சிலிண்டரின் அடியில் உள்ள கேஸ்கட் இவற்றில் ஒன்று தேய்ந்தாலும் வெடித்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழையும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் 1 பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ரம்பத்தில் குளிர்ச்சிக்காகப் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே விடுவார்கள். திருட்டுக் காற்று சேர்ந்தால் அந்தக் கூடுதல் போய்விடும், சூடு ஏறும். இந்த எஞ்சினுக்கு மசகு எண்ணெயும் பெட்ரோலில் கலந்துதான் வருகிறது. பல ரம்பங்களுக்கு 1 லிட்டருக்கு 20 மில்லி என்பது கணக்கு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது. சூடு கூடி, வழுவழுப்பு குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிறிய ரப்பர் சீலுக்காகச் சிலிண்டரையும் பிஸ்டனையும் இழக்க நேரிடும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சினின் வேகம் தணிய வேண்டும். அப்போது கிளட்ச் விடுபட்டுச் சங்கிலி நிற்கும். காற்றுக் கசிவு இருந்தால் எஞ்சின் தணியாமல் இரைந்துகொண்டே இருக்கும். கையை எடுத்த பிறகும் சங்கிலி ஓடும். தென்னை உச்சியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் காலுக்கு அருகே அது ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்!

இந்த இரைச்சலைக் கேட்டதும் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? கார்புரேட்டரின் ஸ்குரூவைத் திருகுகிறார்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடுகிறது, எஞ்சின் அமைதியாகிறது, "சரியாகிவிட்டது" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது நோயை விட்டுவிட்டு நோயாளியின் முனகலை நிறுத்துவது போன்றது என்பதே என் கருத்து. எஞ்சின் சூடேறும்போதும் சீல் மேலும் தேயும்போதும் கசிவின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். இன்று திருகி வைத்த அளவு நாளைக்குப் பொருந்தாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பெட்ரோல் பில்டர் அடைத்திருந்தாலும் பெட்ரோல் குறையும்; பெட்ரோல் குழாய் வெடித்திருந்தாலும் குறையும். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம் பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது தெரியும். ஏன் குறைவு என்பது தெரியாது. எளிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வழியையும் புகை போகும் வழியையும் ரப்பர் வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு, கையால் அமுக்கும் பம்பு கொண்டு உள்ளே காற்றை ஏற்றுகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தில் சுமார் பாதி அளவு போதும். அளவுமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிப் பார்க்கலாம். கசியும் இடத்தில் குமிழ் வரும். சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் ஏமாந்துபோவோம். ஆயில் சீலின் உதடு உள்நோக்கி அமைந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் உதடு தண்டின்மேல் நன்றாகப் படியும், கசிவு மறையும். உள்ளே உறிஞ்சல் உண்டானால் உதடு தளர்ந்து காற்றை விடும். அதனால் காற்றை வெளியே இழுத்தும் ஒரு முறை சோதிக்க வேண்டும். அப்போது தண்டை மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டும். அழுத்தச் சோதனையில் தேறிய சீல், உறிஞ்சல் சோதனையில் தோற்பதுண்டு!

ஒரு பொருளை அது வேலை செய்யும் நிலையிலேயே சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1986 ஜனவரி 28-ஆம் நாள் சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். கடுங்குளிரில் ஒரு ரப்பர் வளையம் சரியாக அடைக்கத் தவறியதே காரணம். அந்த ரப்பரை இடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது விரைவாக மீளவில்லை என்று விசாரணையில் செய்து காட்டினார் இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன்.

"அனுபவமுள்ள மெக்கானிக்குக் காது ஒன்றே போதாதா?" என்று கேட்கலாம். காது பெரிய கருவிதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் சங்ககிரி, நாமக்கல் லாரிகளின் ஏர் பிரேக்கிலும் காற்று கசிந்தால் 'உஸ்' என்று கேட்கும். அங்கே காற்று வெளியே வருகிறது. இங்கே காற்று உள்ளே போகிறது. அதுவும் எஞ்சினின் இரைச்சலுக்கு நடுவே. கோளாறு இருக்கிறது என்று காது சொல்லும். எங்கே என்று அளவுமானிதான் சொல்லும்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பட்டறைச் சத்தத்திலேயே வளர்கிறவர்கள். அவர்கள் படிக்கும் பள்ளிகளின் ஆய்வுக்கூடத்தில் பாயில் விதிக்குப் படம் இருக்கிறது. பிரித்துப் பார்க்க ஒரு பழைய எஞ்சின் இருப்பது அரிது. காயலான் கடையில் கிடைக்கும் ஓர் இரண்டு வீச்சு எஞ்சினும் ஒரு கைப்பம்பும் வைத்துக்கொண்டு, பட்டறைக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் என்ன? பட்டறை வேறு, விஞ்ஞானம் வேறு என்ற பேச்சு அன்றோடு அடங்கும்.

ஓடும் ரம்பத்தின் அருகே நீங்கள் போகவே வேண்டாம். ஊசி நீக்கிய புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். திரும்ப ஓடி வருகிறதா? பிறகு பக்கவாட்டில் மெல்லிய துளை ஒன்று இட்டு மீண்டும் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதி, காரணத்தை உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.