எண்பது ரூபாவும் ஒரு நல்லுரையும்

சிறு தொழிலொன்றைத் தொடங்கிய ஏழைப் பெண்ணொருத்தி நம் வாயிலில் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கையிலிருப்பதில் சிறிது பணம் கொடுக்கிறோம். அவள் செய்த பண்டம் வேண்டாதிருந்தாலும் இரக்கத்தினால் வாங்குகிறோம். சுவை குறைந்திருந்தாலும், "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறோம். சில மாதங்களில் அவள் தொழில் நலிந்து நின்றுவிடுகிறது. அவளுக்கு வேண்டியிருந்தது நமது இரக்கமன்று. நமது உண்மையான சொல்.

இதனை விளக்கும் வரலாறு ஒன்று இந்தியாவில் உண்டு. இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரில், கிர்காம் என்னும் பகுதியில், 1959 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆம் நாள், குசராத்திக் குடும்பப் பெண்கள் எழுவர் ஒரு மாடியின் மேற்றளத்திற் கூடி அப்பளம் இட்டனர். அவர்களுக்குக் கைவந்த தொழில் அது ஒன்றே. முதலாக இருந்தது கடனாகப் பெற்ற 80 ரூபா. அன்று ஆயத்தமானவை நான்கே பொதிகள். கடன் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூகத் தொண்டர்.

அவர் பணத்தோடு நின்றுவிடவில்லை. அப்பெண்கள் தொடக்கத்தில் இருவகைத் தரத்தில் அப்பளம் செய்து, தாழ்ந்ததைக் குறைந்த விலைக்கு விற்க முற்பட்டனர். வணிகம் பழகாத எவர்க்கும் இது நல்ல வழியாகவே தோன்றும். பரேக் அதனைத் தடுத்தார். தரம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும், அதில் ஒருநாளும் விட்டுக்கொடுத்தல் ஆகாது என்றார். கணக்கை ஒழுங்காக எழுதுமாறும், தொழிலைத் தொழிலாகவே நடத்துமாறும் வற்புறுத்தினார். நட்டம் வரினும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அப்பெண்களும் உறுதிகொண்டனர்.

அவ்வுறுதிக்கு விரைவிலேயே சோதனை வந்தது. மழைக்காலத்தில் வெயிலின்றி அப்பளம் உலராமையால் நான்கு மாதங்கள் வேலை நின்றது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். பிறர் கையை எதிர்பாராதவர்க்கு வழி தானே புலப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

முதலாண்டில் 6,196 ரூபாவுக்கு விற்ற அத்தொழிலே இன்று 'லிஜ்ஜத்' என்ற பெயரால் அறியப்படுகிறது. 40,000 இற்கு மேற்பட்ட பெண்கள் அதில் உழைக்கின்றனர். உழைப்போர் அனைவரும் அதன் பங்காளிகள். அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட் 2021 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

வளர்ந்துவரும் நாடுகளிலே தொழில் நடத்தும் பெண்களுக்கு வழிகாட்ட இன்று பல அமைப்புகள் முன்வந்துள்ளன. அனுபவமுள்ள வணிகர்கள் கடல்கடந்திருந்தும் ஆலோசனை கூறுகின்றனர். நன்முயற்சியே. ஆயினும், வழிகாட்டி விலகியபின்னும் தொழில் நடக்கின்றதா என்பதே அதனை அளக்கும் கோல். கைபிடித்து எழுதப் பழக்குவோர், என்றேனும் ஒருநாள் அக்கையை விட்டுவிடத்தான் வேண்டும்.

வழிகாட்டியாவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கணக்கீடு கற்கும் மாணவ மாணவியரே, உங்கள் அயலில் இடியப்பம் அவித்து விற்கும் அக்காவிடம் ஒரு கொப்பியோடு செல்லுங்கள். அரிசிமாவுக்கும் விறகுக்கும் எவ்வளவு செலவாயிற்று, அவர் உழைப்புக்கு எவ்வளவு மிஞ்சிற்று என்று எழுதக் காட்டிக்கொடுங்கள். ஒரு மாதத்தில் அவரே எழுதுவார். தாய்மாரே, அடுத்த முறை அவரிடம் வாங்கும்போது சம்பலில் உப்புக் கூடியிருந்தால், முகம் கோணாமல் அதைச் சொல்லுங்கள்.

அன்று சிறிது மனம் நோகலாம். ஆனால் மறுநாள் அவர் சம்பலில் உப்பு அளவாக இருக்கும். வாங்க வருவோரும் மீண்டும் வருவர்.