பரிசிலும் மைப்படியும்

வரலாற்று மாநாடுகளில் மாணவர் கட்டுரைக்குப் பரிசில் வழங்கும் வழக்கத்தை யாம் எதிர்க்கவில்லை. அப்பரிசில் எதனை அளக்கின்றது என எவரும் கேளாதிருப்பதையே எதிர்க்கின்றோம்.

பதினைந்து நிமிட வாசிப்பு, ஐந்து நிமிட வினாவிடை, மாலையிற் பதக்கம். சிதைந்த கல்வெட்டொன்றின் நான்கு வரிகளைத் தெளிவதற்கு மைப்படியுடன் மாதக்கணக்கில் மல்லாடிய மாணவன் இந்நேரத்துள் யாது கூறுவான்? ஐயத்திற்கிடமான எழுத்துக்கள் எவையெனச் சுட்டுவதற்கே அவனுக்குப் பொழுது போதாது. அடுத்து எழுபவரோ பிறர் நூல்களில் திரட்டிய பெருங்கோட்பாடொன்றைச் சரளமான ஆங்கிலத்திற் பொழிந்து கைதட்டல் பெறுகின்றார். (ஐயம் என்பது அவர் கட்டுரையில் மருந்துக்கும் இராது.) நடுவர் செவியாற் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்கின்றார், மைப்படியை அவர் கண்டதில்லை.

பரிசிலால் நல்லாய்வு வளராது என்பதன்று எமது வாதம். ஒக்ஸ்போர்ட்டில் 1863 இல் ஆர்னல்ட் பரிசில் பெற்ற ஜேம்ஸ் பிறைஸின் கட்டுரை மறு ஆண்டில் 'புனித உரோமப் பேரரசு' என நூலாயிற்று. ஆயின் அஃது எழுத்திற் படித்து மதிப்பிடப்பட்டது; பிறைஸும் அதனை 1904 வரை விரித்துத் திருத்தியவண்ணமிருந்தார். பேராசிரியர் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டனிற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் முக்கிய முடிபுகளைத் தாமே மறுபரிசீலனை செய்து 2005 இல் நூலொன்று வெளியிட்டார். இத்துணிவிற்கு எம்மேடை பதக்கம் சூட்டும்?

கட்டுரையும் மூலப்படிகளும் ஒரு திங்கள் முன்னரே நடுவர் கைக்குச் செல்லல் வேண்டும். தமிழில் எழுதியவனைத் தமிழறிந்தவரே மதிப்பிடல் வேண்டும். படிப்பதற்கு நேரமில்லை என்போர் நடுவராயிருக்க இசையாதிருப்பாராக.