முல்லைக்குப் பட்டா இல்லை

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதை எடுத்துக்காட்டி, பருவநிலை மாற்றத்தை இளங்கோவடிகள் அன்றே கணித்துவிட்டார் என்று கைதட்டல் வாங்காத தமிழ் மேடை இன்று அரிது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கைதட்டலில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இளங்கோ பாடியது கோடையின் கொடுமையை. கரியமில வாயுவை அன்று. முல்லையின் பெருமை பேசும் நாம், அந்த முல்லை நிலம் இன்று எந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? அதன் பெயர் 'தரிசு'.

எந்தக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் அ-பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு. வெள்ளையர் காலத்து ரயத்துவாரி முறை விட்டுச்சென்ற சொற்கள் இவை. வரி கொடுப்பது நிலம், கொடாதது தரிசு. ஆயர்குலமும் ஆநிரையும் ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்கொண்ட வெளியை 'பயனற்றது' என்று எழுத ஒரு பேனா போதுமானதாக இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அந்தப் பேனாவில் மை மட்டுமே மாறியது. மத்திய அரசின் நிலவளத் துறையும் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து வெளியிட்டுவரும் தொகுப்பின் தலைப்பே தரிசுநில வரைபடம் என்பதுதான். 2019-இல் வந்த பதிப்பிலும் புதர் மண்டிய நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசின் உட்பிரிவுகளே.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 130 லட்சம் ஹெக்டேர். அதில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று அரசு ஒப்புக்கொள்வது சுமார் 1.1 லட்சம் ஹெக்டேர். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இங்கே மாடுகள் சுமார் 95 லட்சம், வெள்ளாடுகள் 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். இவையெல்லாம் காற்றையா மேய்கின்றன? கணக்கில் வராத நிலத்தில், கணக்கில் வராத வழிகளில் மேய்கின்றன என்பதே விடை.

இந்த இடத்தில்தான் கணினி மாதிரிகள் வந்து சேர்கின்றன. வெப்பம், மழை, கரியமில வாயு, மண்ணின் தழைச்சத்து ஆகியவற்றை உள்ளிட்டால் புல் எவ்வளவு வளரும், மாடு எவ்வளவு தின்னும், எவ்வளவு மீத்தேன் விடும், சாணம் எவ்வளவு மண்ணுக்குத் திரும்பும் என்று அவை சொல்கின்றன. அவற்றை நான் இகழவில்லை. 2050-இல் புல் இருக்குமா என்று அறிய வேறு வழியும் இல்லை. ஆனால் 'பாசிம்' போன்ற மாதிரிகள் ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளை முன்னிறுத்திப் பிறந்தவை. காற்றில் கரியமில வாயு மிகுந்தால் அந்நாட்டுப் புல் செழிக்கும். நம் அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் சி4 வகையைச் சேர்ந்தவை. அந்த ஆதாயம் அவற்றுக்கு மிகக் குறைவு. அங்கே அளந்த எண்ணை இங்கே நட்டால் இல்லாத புல்லைத்தான் அறுக்கலாம்.

மாட்டின் வெப்ப அயர்ச்சியை அளக்க வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். முதலில் 1959-இல் மனிதரின் உடல்சுகத்தை அளக்க வந்தது. பிறகு மாட்டுக்கு மாற்றினார்கள். 72-ஐத் தாண்டினால் கறவை மாடு அயரத் தொடங்கும் என்பது பெருவழக்கான எல்லை. திருச்சியின் மார்கழி மாதச் சராசரியே அந்த எல்லையைத் தாண்டிவிடும்! திருவரங்கத்துத் தெருக்களில் திருப்பாவை ஒலிக்கும் குளிர்ந்த விடியல்களையும் உள்ளடக்கிய சராசரியைச் சொல்கிறேன். அப்படியானால் இவ்வூர் மாடுகள் ஆண்டு முழுவதும் நோயாளிகளா? ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு அது பொருந்தும். உம்பளச்சேரிக்கும் புலிக்குளத்துக்கும் அதே எல்லைக்கோடு எப்படிப் பொருந்தும்? (ஆண்டாளின் ஆயர்பாடிப் பசுக்கள் இன்று இந்தத் தீவில் மேய நினைத்தால் மனைப்பிரிவுகளுக்கு இடையேதான் மேயவேண்டும், மாநகராட்சி பிடித்தால் அபராதமும் உண்டு.)

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். திருத்த முடியாத பிழை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் மந்தை ஒரு கட்டத்துக்குள் நிற்கிறது. ஹெக்டேருக்கு இத்தனை தலை என்று. நம் மந்தை நிற்பதில்லை. சம்பா அறுவடை முடிந்த தையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். பகலில் தாளடியில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் உழவனுக்கு உரம். கிடைக்கூலி கீதாரிக்கு வரும்படி. ஆனி, ஆடியில் மேட்டூர்த் தண்ணீரும் நடவும் வருமுன் மந்தை நகர்ந்துவிடும். வறட்சி வந்தால் வழி மாறும், நாள் மாறும், மந்தை பிரியும். இந்த நகர்வுதான் தகவமைப்பு. கி.ராஜநாராயணனின் 'கிடை'யையும் சு.தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யையும் படித்த எவருக்கும் இது புதிதன்று. நாம் அவற்றை வட்டார வழக்கு என்ற பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம். புலம்பெயர் மந்தையின் பொருளியலை விளங்கிக்கொள்ள அவை எவ்வளவு உதவும் என்று நமக்குத் தோன்றவேயில்லை.

மந்தையின் நகர்வைக் காணாத கணக்கு எங்கே கொண்டுவிடும்? கொட்டிலில் கட்டு, தீவனப்பயிர் போடு என்பதில்தான். 2008-இல் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் அருமையான புல், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பாசனம் வேண்டும். மணப்பாறையிலும் மருங்காபுரியிலும் அந்த நீருக்கு எங்கே போவது? 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தபோது வைக்கோலுக்கே அலைந்தோம். நிலத்தடி நீரை இறைத்து நேப்பியர் வளர்ப்பதைத் தகவமைப்பு என்பது, கடன் வாங்கிக் கடனை அடைப்பதைச் சிக்கனம் என்பது போன்றது.

இதற்கு நேர்மாறான சான்று தொலைவில் இல்லை. 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்த அரவக்குறிச்சி, க.பரமத்திப் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல். புல் உலர்ந்தால் வெள்வேலின் காய் தீவனம். பகுதி பகுதியாக மாற்றி மேய்ப்பார்கள். மானாவாரி நிலத்தில் ஒரு சொட்டுப் பாசனமின்றிக் காங்கேயம் மாட்டைக் காத்த அமைப்பு இது. ஆனால் பட்டா நிலம் என்பதால் பிழைத்தது; பொது மேய்க்காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே சீமைக் கருவேலம் ஏறியது, பிறகு கட்டடம் ஏறியது. மிச்சமிருப்பதில் மரம் நடுகிறோம். பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கியபோது வனமும் மரமும் 33 விழுக்காடாக வேண்டும் என்பது இலக்கு. எந்த நிலத்தில்? பதிவேட்டில் 'தரிசு' என்று இருப்பதில் நட்டுவிடுவது எளிது. புல்வெளியில் மரத்தோப்பு வைத்தால் செம்மறி எங்கே போகும்? அது காட்டுக்கும் போக இயலாது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்தின் எல்லா வனங்களிலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. பின்னர் அத்தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. நாடோடி மேய்ப்பரின் பருவகால உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது என்பதை எத்தனை கீதாரிகளுக்கு யார் சொன்னார்கள்?

மாடு மீத்தேன் விடுகிறதே, அதைக் காப்பது பழமைவாதமன்றோ என்று சிலர் வருவார்கள். விடுகிறது, ஐயமில்லை. பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் 2006 வழிகாட்டியில் வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 128 கிலோ, இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 58, கறவையல்லாததற்கு 27. லிட்டருக்கு இவ்வளவு என்று வகுத்தால் நம் மாடு குற்றவாளி. ஆனால் அறுத்த தாளையும் களத்துமேட்டுப் புல்லையும் தின்று, உரமும் தந்து, உழவும் செய்த மாட்டைப் பாலால் மட்டும் வகுப்பது என்ன நியாயம்?

தரிசு என்ற சொல்லை விட்டுவிட்டும் நிலத்தை அளக்கலாம். மதுசூதன், வனக் இருவரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியாவின் திறந்தவெளி இயற்கை நிலங்களை 2022-இல் வரைபடமாக்கினர்; நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அத்தகைய வரைபடத்தின்மேல் கீதாரியின் தடமும் ஏறவேண்டும். அந்த வேலை கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பருக்குமான ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. திருச்சியில் எத்தனை கல்லூரிகள், எத்தனை தமிழ்த் துறைகள்! கோவினம், புல்லினம், கோட்டினம் என்று கலித்தொகையில் ஆயரின் பிரிவுகளை மனப்பாடம் செய்யும் மாணவரை, கிடை போட்டிருக்கும் வயலுக்கு அனுப்பினால் என்ன? எந்தப் புல்லுக்கு என்ன பெயர், எந்த மாதம் எந்த ஊர், எந்தக் குளக்கரையில் தண்ணீர், பத்தாண்டுகளில் எந்த வழி அடைபட்டது என்று கேட்டு எழுதி வரட்டும். தையில் மந்தைகள் எப்படியும் வரும்.