நெல்வயல் மீத்தேன்: தின்பவர்களை யார் எண்ணுவது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்மாய்ப் பாசன வயலில் நடவு முடிந்து தண்ணீர் நிற்கும்போது, சேற்றுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. காற்று எட்டாத ஆழத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. சேற்றின் மேற்பரப்பிலும் நெல் வேரைச் சுற்றியும் கொஞ்சம் ஆக்ஸிஜன் கிடைக்குமே, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த மீத்தேன்தான் சாப்பாடு.

ஆக, வயல் மேல் பெட்டியைக் கவிழ்த்து நாம் அளப்பது மிச்சத்தை மட்டும்தான். உற்பத்தி எவ்வளவு, தின்றது எவ்வளவு என்று அது சொல்லாது. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பமாக்கும் வாயு இது. 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' நீர் விட்டால் மீத்தேன் குறையும், கார்பன் கிரெடிட் காசு வரும் என்று விவசாயியிடம் சொல்கிறோம். காசு சம்பந்தப்பட்ட கணக்கில் பாதியை இருட்டில் விடலாமா?

சரி, எப்படி எண்ணுவது? பழைய முறையில் மண்ணைப் பலமுறை நீர்க்கச் செய்து, மீத்தேன் ஊட்டி, எந்த அளவு வரை வளர்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் பல இனங்கள் ஆய்வகத்தில் வளரவே வளராது. அதனால் இப்போது பிசிஆர். மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மீத்தேனைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். கொரோனா நேரத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே பிசிஆர்தான்.

இதிலும் ஒரு பொறி இருக்கு. வடபகுதிக் கரிச் சதுப்புகளில் ஸ்வெட்லானா டெடிஷ் குழு கண்டெடுத்து 2000-இல் பெயரிட்ட 'மெத்திலோசெல்லா' பாக்டீரியாவிடம், வழக்கமாகத் தேடப்படும் 'பிஎம்ஓஏ' மரபணுவே கிடையாது. அதற்கு வேறு நொதி. ரேஷன் கார்டை மட்டும் வைத்து ஊர் ஜனத்தொகையை எண்ணுகிற மாதிரி, கார்டு இல்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார்.

வெளிநாட்டுச் சதுப்புக் கணக்கை அப்படியே நம் வயலுக்குப் போடவும் முடியாது. புனே அகார்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மோனாலி ரஹால்கர் குழு, இந்திய நெல்வயலிலிருந்தே வெள்ளரிக்காய் வடிவத்தில் ஒரு புதிய மீத்தேன்தின்னியைப் பிரித்தெடுத்தது. பெயரும் பொருத்தம்தான்: மெத்திலோகுக்குமிஸ் ஒரைசே. நம்ம செவலிலும் கரிசலிலும் யார் இருக்கிறார்கள்?

யூரியா விஷயத்தைப் பாருங்க. அம்மோனியம் இந்த பாக்டீரியாவின் நொதியை மறித்துவிடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். நெல் வேரைச் சுற்றி அது தின்னும் வேகத்தைக் கூட்டலாம் என்று 2000-இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. இரண்டும் நடக்கக்கூடியதே, எது நடக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. எங்கோ எடுத்த சராசரியை வைத்து இங்கே விலை போடுவது அதனால்தான் சரியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. நடவுக்கு முன், யூரியா போட்ட பின், வயலைக் காயவிட்டபோது என்று மூன்று தடவை மண் எடுத்து, இரண்டு நொதிகளின் மரபணுவையும் எண்ணலாம். மரபணு இருப்பதாலேயே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால் அதே மண்ணைக் குப்பியில் அடைத்து, மீத்தேன் எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்றும் பார்க்க வேண்டும். செலவை கார்பன் கிரெடிட் விற்கும் நிறுவனங்கள் ஏற்கட்டும், விவசாயி தலையில் கட்ட வேண்டாம்.