யந்திர மூளையும் தொழிலாளர் வயிறும்

கணினி வருகிறது என்றதும் நம் தொழிலாளர்களில் பலர் அஞ்சுகின்றனர். சிலரோ அதை ஒரு மந்திர சக்தியென்று எண்ணிவிடுகின்றனர். இரண்டும் தவறு. அதன் சூட்சுமத்தை முதலில் தெரிந்துகொள்வோம்.

கட்டி ரப்பர் செய்யும் ஆலையை எடுத்துக்கொள்வோம். பொடியாக்கிய ரப்பரை உலர்த்தும் அடுப்பில் சூடு மிஞ்சினால் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். குறைந்தால் உள்ளே ஈரம் காயாத வெள்ளைத் திட்டுகள் நிற்கும். இதைப் பழகிய தொழிலாளி கண்ணாலும் மூக்காலும் அறிந்து வந்தார். கணினி செய்வதும் இதே வேலைதான். அடுப்பிலுள்ள உணர்கருவி சூட்டை அளந்து சொல்கிறது. இருக்க வேண்டிய சூட்டோடு கணினி அதை ஒப்பிடுகிறது. வித்தியாசம் கண்டால் எண்ணெய் செல்லும் வால்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பிறகு மறுபடியும் அளக்கிறது. அளப்பது, ஒப்பிடுவது, திருத்துவது ஆகிய மூன்றும் ஓயாமல் சுழல்வதே கட்டுப்பாட்டு முறை. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி யந்திரத்தில் வைத்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இவ்விதியிலேயே இயங்கிற்று. 1959-இல் அமெரிக்காவின் போர்ட் ஆர்தர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பகுதி வேலை கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆனால், எது சரியான அளவு என்பதைக் கணினிக்கு எழுதி வைப்பவன் மனிதனே. உணர்கருவி பழுதுபட்டால், பொய்யான அளவையே மெய்யென நம்பிக் கணினி தவறாக நடக்கும். அப்போது ஓடிவந்து நிறுத்த, அடுப்பின் குணமறிந்த ஆள் வேண்டும். பழகிய தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டு ஆலையைக் கணினியிடம் விடுவது சிக்கனமன்று, ஆபத்து!

யந்திரமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சூட்டிலும் புகையிலும் நிற்கும் வேலை குறைந்தால் நமக்கு மகிழ்ச்சியே. நால்வர் வேலையை ஒருவர் செய்தால், மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதே நம் கேள்வி.

1960-இல் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இக்கேள்வியைக் கேட்டது. புதிய யந்திரங்களுக்கு இசைந்தது. பதிலுக்கு முதலாளிமார் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதி தர ஒப்புக்கொண்டனர். நிரந்தரத் தொழிலாளருக்கு வேலைநீக்கமில்லை என்ற உறுதியும் கிடைத்தது. ஆயினும் தற்காலிகத் தொழிலாளருக்கு அப்பாதுகாப்பு எட்டவில்லை. குத்தகை ஆட்களும் வெளிநாட்டுத் தொழிலாளரும் மிகுந்த நம் தோட்டங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் நஷ்டஈடு தர வேண்டும். அது வேலை போன பின் வரும் பணம். வேலை போகுமுன் பேசும் உரிமையே நமக்கு முக்கியம்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. யந்திரம் ஆலைக்குள் வருமுன் நிர்வாகம் சங்கத்துடன் பேச வேண்டும். அதை இயக்கும் பயிற்சியை, இப்போது வேலையிலிருப்போருக்கே சம்பளத்துடன் அளிக்க வேண்டும். மிச்சப் பணத்தில் குத்தகைத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் பங்கு வேண்டும்.

தோழர்களே! கணினிக்குப் பசியில்லை, பிள்ளைகுட்டியில்லை. நமக்கு உண்டு. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யந்திரம் வந்து இறங்கிய பின் கூடிப் பயனில்லை.